கீல் பூசிய வண்டி

உக்காருங்க அண்ணாச்சி. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. முன்னால ஒரு வேன் ரேம்ப்ல நிக்கி, அது இறங்க முக்கால் மணி நேரமாவது ஆகும். இந்த சர்வீஸ் செட்டு ஓனர் சாப்பிடப் போயிருக்காரு. அந்த வெள்ளைப் பிக்கப்பு உங்களுதுதானே? நீங்க வரும்போதே குனிஞ்சு பாத்துட்டேன். வாங்கி எத்தனை மாசம்? ஏழா? ஏழு மாசத்துக்கே பின் ஆக்சிலுக்கு மேல மஞ்சளாப் பூத்துருச்சு. மீனா ஏத்துறீங்க? கருவாடா. சரிதான், அது மீனை விட மோசம். ஐஸ் தண்ணியாவது வழிஞ்சு ஓடிரும், உப்பு ஓடாது. அங்கனயே உக்காந்து தின்னும்.

அடியில கோட்டிங் அடிக்கணும்னு சொன்னீங்க. அடிக்கலாம். ஆனா எப்படி அடிக்கணும்னு ஒண்ணு இருக்கு. பெருமைக்குச் சொல்லல, பிக்கப்பு வண்டிச் சேஸைப் பத்தி எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு இந்த ஜில்லாவுல எவனுக்கும் தெரியாது. நாலு வருசம் ஒரு வண்டிக்கு அடியில படுத்துக் கிடந்தவன் நான். ஒருநாள் விட்டதில்ல. காய்ச்சல் வந்தப்பவும் படுத்தேன்.

எனக்கு ஊரு வைப்பாத்துக்குக் கிழக்க, கடக்கரை. பேரு தஸ்நேவிஸ். இருபத்திரெண்டு வருசம் வல்லத்துல கடலுக்குப் போனேன். ஒரு தடவை வலை இழுக்கும்போது முதுகுல ஏதோ விலகிருச்சு. அன்னையோட கடல் முடிஞ்சுபோச்சு. அதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் சேந்தாப்ல உக்கார முடியாது, நிக்கலாம், படுக்கலாம். அப்பத்தான் நானும் மச்சினனும் சேந்து ஒரு பிக்கப்பு எடுத்தோம். கரையில மீன் ஏத்தி, எட்டயபுரம் வழியா கோவில்பட்டி, சாத்தூருன்னு மார்க்கெட்டுக்குக் கொண்டு போறது. அவன் ஓட்டுவான், நான் வண்டியைப் பாத்துக்கிடுவேன். அதுதான் பேச்சு.

மச்சினன் பேரு இன்னாசி. என் வீட்டுக்காரி பிரகாசிக்குத் தம்பி. அவளை நான் கட்டிக்கிட்டு வரும்போதே இடுப்புல அவனைத் தூக்கிக்கிட்டுத்தான் வந்தா. அவங்க அம்மா இல்லை. நாலு வயசு அவனுக்கு. எங்களுக்குப் பிள்ளை பிறக்கல. ஊர்ல ஒரு பேச்சு உண்டு, தஸ்நேவிசுக்குப் பிள்ளை இல்லாததனால வண்டியைப் பிள்ளை மாதிரி வச்சிருக்கான்னு. அதெல்லாம் சும்மா. வண்டி வண்டிதான். நமக்குச் சோறு போடுற பொருளைப் பத்திரமா வச்சிக்கணுமா இல்லையா?

பயம் எப்ப வந்துச்சுன்னு சொல்லுதேன். எங்க தெருவுல பர்னாந்து அண்ணன்னு ஒருத்தர், அவரும் மீன் வண்டிதான் வச்சிருந்தாரு. ஒருநாள் காலையில நின்ன இடத்துலயே அவரு வண்டிக்குப் பின் ஸ்பிரிங் பட்டை சேஸைக் கிழிச்சுக்கிட்டு மேல ஏறிருச்சு. சும்மா நின்ன வண்டி. நான் போய்க் குனிஞ்சு பாத்தேன். சேஸ்னா தெரியும்லா, முன்னால இருந்து பின்னால வரைக்கும் ரெண்டு நீளப் பெட்டி இரும்பு, அதுமேலதான் மொத்த வண்டியும் உக்காந்திருக்கு. அதுல விரலை வச்சு அமுக்குனேன். விரல் உள்ள போயிருச்சு அண்ணாச்சி. இரும்புக்குள்ள விரல் போகுது. எடுத்துப் பாத்தா நகத்துக்கு அடியில எல்லாம் செம்மண்ணு மாதிரி துரு.

நம்ம வண்டி அப்ப வாங்கி ஆறு மாசம்.

மறுநாளே ஆரம்பிச்சிட்டேன். இன்னாசி லோடு இறக்கிட்டு மத்தியானம் வருவான். வண்டி வந்து நின்ன அஞ்சாவது நிமிசம் நான் அடியில இருப்பேன். ஐஸ் பெட்டியில இருந்து வழியுற தண்ணி பாடிப் பலகை வழியா இறங்கி நேரா சேஸ் மேலதான் விழும். மீன் ரத்தம், செதில், உப்பு எல்லாம் சேந்த தண்ணி. அதை நல்ல தண்ணியிலதான் கழுவணும். எங்க ஊர்ல போர் போட்டா உப்புத்தான் வரும். குழாய்ல நல்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்க. பிரகாசி வரிசையில நின்னு இருபது குடம் பிடிப்பா. அதுல எட்டுக் குடம் வண்டிக்கு.

"குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் இரும்புல ஊத்துதீகளே"ன்னு கேப்பா.

"இந்த இரும்பு ஓடுனாத்தான் ஏட்டி நீ குடிக்க முடியும்"னு சொல்லுவேன்.

அவ உப்புத் தண்ணியிலதான் குளிச்சா. தலைமுடியெல்லாம் கொட்டிப்போச்சு, அந்தத் தண்ணியாலதான்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்லியிருக்கா. நாப்பது வயசுக்கு மேல பொம்பளைகளுக்கு முடி கொட்டத்தானே செய்யும்? அதுக்கும் வண்டிக்கும் என்ன சம்பந்தம்?

ஆனா கழுவுனா மட்டும் போதாது அண்ணாச்சி. அது எனக்கு ஒரு வருசத்துல புரிஞ்சுபோச்சு. அங்கங்க பொடி பொடியா மஞ்சப் புள்ளி எழும்புது. இன்னைக்குத் தேச்சா நாளைக்குப் பக்கத்துல இன்னொண்ணு. பழைய எஞ்சின் ஆயில் வாங்கிப் பூசினேன். ரெண்டு வாரம் நிக்கும், அப்புறம் மண்ணு ஒட்டிச் சேறாகிரும். கிரீஸ் வச்சேன். வெயில்ல உருகி வடிஞ்சிரும். இன்னாசி சிரிப்பான். "அத்தான், இப்படிப் பாத்தா வண்டிக்கே கூச்சம் வந்துரும்"னு சொல்லுவான். நல்ல பையன். வாய் கொஞ்சம் சாஸ்தி, அவ்வளவுதான்.

அப்ப மீன்பிடி தடைக்காலம் வந்துச்சு. ரெண்டு மாசம் லோடு கம்மி, வண்டி சும்மாதான் நிக்கும். இதுதான் நேரம்னு நான் முடிவு பண்ணிட்டேன். இந்த அரைகுறை வைத்தியம் எல்லாம் போதும், வல்லத்துக்குச் செய்யுற மாதிரியே வண்டிக்கும் செஞ்சிருவோம்னு.

உங்களுக்குக் கடல் வேலை தெரியாதுல்லா. வல்லத்துல பலகைக்கும் பலகைக்கும் இடையில சந்து இருக்கும். அதுல பஞ்சைத் திரிச்சுத் திணிச்சு, உளியை வச்சு அடிச்சு இறுக்கி, மேல கீலை, தார் மாதிரி கருப்பா இருக்கும், அதைக் காய்ச்சி ஊத்துவோம். கலப்பத்து அடிக்கிறதுன்னு சொல்லுவோம். அதைச் செஞ்சுட்டா ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது. இருபத்திரெண்டு வருசம் என் உசுரு அந்தக் கீல் மேலதான் மிதந்துச்சு. நான் அதை நம்பாம வேற எதை நம்புவேன்?

பதினோரு நாள் வேலை. கம்பி பிரஷ் போட்டு முழுச் சேஸையும் வெள்ளி மாதிரி தேச்சேன். மண்ணெண்ணெய் வச்சுத் துடைச்சேன். சிவப்புப் பிரைமர் ரெண்டு கோட்டு. அதுக்கு அப்புறம் பாத்தா, சேஸ்ல வரிசையா ஓட்டை. பெரிய ஓட்டை, சின்ன ஓட்டை, கட்டைவிரல் போற அளவுக்கு. பக்கவாட்டுல இருக்கு, அடியில இருக்கு. ரெண்டு பக்கமும் சேத்து எண்ணுனேன், முப்பத்தி நாலு. கம்பெனியில இருந்தே அப்படித்தான் வருது. எனக்கு ரத்தம் கொதிச்சுப்போச்சு. இவ்வளவு ஓட்டையைத் திறந்து போட்டுட்டு வண்டி துரு பிடிக்குதுன்னு சொன்னா எப்படி?

இன்னாசி பக்கத்துல நின்னான். "அத்தான், கம்பெனிக்காரன் ஓட்டை போட்டான்னா அதுக்கு ஏதாவது காரணம் இருக்கும்லா. அதை மட்டும் விட்டுருங்களேன்"னான்.

"கம்பெனிக்காரன் கடலைப் பாத்திருக்கானா மாப்ள?"

"அதில்ல அத்தான், உள்ள போற தண்ணி..."

"உள்ள போனாத்தானே? நான் போகவே விடமாட்டேன்."

கீழ கிடந்த உளியை எடுத்து என் கையில குடுத்தான். நான் அத்தான்லா. சின்ன வயசுல இருந்து என் கையில வளந்தவன்.

பிரகாசி வாசப்படியில உக்காந்து பஞ்சைத் திரிச்சுத் திரிச்சுக் குடுத்தா. நான் அடியில படுத்துக்கிட்டே கையை நீட்டுவேன், அவ வைப்பா. முப்பத்தி நாலையும் அடைச்சேன். உளி வச்சு இறுக்குனேன். மேல கீல் பூசினேன், முழுச் சேஸுக்கும் மூணு கோட்டு. காஞ்ச பிறகு பாக்கணுமே, கருங்கல்லு மாதிரி மினுமினுன்னு. கையை வச்சா வழுக்கும். பிரகாசி கூடக் குனிஞ்சு பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்கு"ன்னா. அந்த ரெண்டு மாசம் நாங்க சண்டை போடல. இப்ப நினைச்சாலும் அதான் நல்லா இருந்த காலம்னு தோணுது.

மாதா கோயில் திருவிழாவுல ஃபாதர் வண்டியெல்லாம் மந்திரிச்சாரு. அன்னைக்கு எத்தனை பேரு என் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தாங்க தெரியுமா? வேட்டி சட்டையோட படுத்தாங்க. பர்னாந்து அண்ணன் எந்திரிச்சு முதுகைத் தட்டிக்கிட்டே, "ஏல தஸ்நேவிசு, இதுக்குச் சாவே இல்லலே"ன்னாரு. அடுத்த ரெண்டு தடைக்காலத்துலயும் மேல ஒவ்வொரு கோட்டு போட்டேன். ஒரு மஞ்சப் புள்ளி கிடையாது அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு கிடையாது.

இந்தா, ஒரு நிமிசம். அந்த மோட்டாரை அமத்திட்டு வாரேன், சத்தம் காதை அடைக்குது.

ஆங். எங்க விட்டேன்?

இன்னாசி ஒருநாள் வந்து சொன்னான், "அத்தான், வளைவுல திரும்பும்போது அடியில சலசலன்னு சத்தம் கேக்குது. தண்ணி அலம்புற மாதிரி இருக்கு"ன்னு. நான், ஐஸ் பெட்டி உருகுதுடேன்னு சொன்னேன். ஒரு மாசம் கழிச்சுத் திரும்பவும் வந்தான். "வெறும் வண்டியிலயும் கேக்குது அத்தான். பெட்டியே இல்ல. வாங்க, ஒரு ரவுண்டு போவோம், நீங்களே கேளுங்க." எனக்கு முதுகு வலி, போகல. டீசல் டாங்கா இருக்கும்னு சொல்லிட்டேன். மூணாவது தடவை எல்லார் முன்னாலயும் கேட்டான். ஏலக்கூடத்துல, நாலு வியாபாரிக நிக்கும்போது. "அத்தான், நான் ஒரே ஒரு ஓட்டையைக் குத்திப் பாக்கட்டுமா?"ன்னு. கையில ஒரு திருப்புளி வேற வச்சிருந்தான்.

நான் கையை ஓங்கிட்டேன். அடிக்கல. ஓங்குனேன், அவ்வளவுதான். சரி, ஒரு அடி பட்டுச்சு. லேசா. பிடரியில.

அதுக்கப்புறம் அவன் சத்தத்தைப் பத்திப் பேசல. நானும் நின்னுபோச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். பேசலைன்னா நின்னுபோச்சுன்னுதானே அர்த்தம்?

அது மாசி மாசம். மணப்பாட்டுல அவனுக்குப் பொண்ணு பாத்து, உறுதி பண்ணி, ஈஸ்டர் முடிஞ்சு கல்யாணம்னு வச்சிருந்தோம். ஒரு வியாழக்கிழமை. காலையில சாளை மீன் நிறையப் பட்டுச்சு, வண்டி நிறைய ஏத்திக்கிட்டுப் போனான். பதினோரு மணி இருக்கும், போன் வந்துச்சு. எட்டயபுரத்துக்கு இந்தப் பக்கம், வண்டி கவுந்துருச்சு, ஆளு உள்ள மாட்டிக்கிட்டான்னு.

பர்னாந்து அண்ணன் ஒரு காரைப் பிடிச்சாரு. நானும் பிரகாசியும் பின்னால ஏறுனோம். வழி பூரா அவ என் சட்டையைப் பிடிச்சிக்கிட்டே வந்தா.

ஒரு வேகத்தடை. ரொம்ப உசரம் கூட இல்ல. அதுல ஏறி இறங்கியிருக்கான். கேபினுக்குப் பின்னால சேஸ் ரெண்டா முறிஞ்சிருக்கு. முறிஞ்ச வேகத்துல முன்பக்கம் தரையில குத்தி, அப்படியே உருண்டு உடைமரத்துக்குள்ள போயிருக்கு. ரோடு பூரா மீனு. ஜனங்க பொறுக்கிக்கிட்டு இருந்தாங்க. வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சு கிடக்கு. அடிப்பக்கம் ரோட்டைப் பாத்து. வெயில் நேரா அதுமேல விழுது. கருப்பா மின்னுது. ஒரு புள்ளி துரு இல்ல. முறிஞ்ச இடத்துல மட்டும் உள்ள இருந்து காப்பிக் கலர்ல தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு.

நான் அதுகிட்டப் போனேன். போய்க் கையை வச்சுப் பாத்தேன். வெளிய கீல் அப்படியே இருக்கு, பிடிச்சு இழுத்தா தோலு மாதிரி கையோட வருது. அதுக்கு உள்ள இரும்பு இல்ல. ஏடு ஏடா உதிருது.

நான் முதல்ல வண்டிகிட்டப் போனேன்னு பிரகாசி இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுதா. இன்னாசியை ஏற்கனவே ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க அண்ணாச்சி. அங்கன இல்லாதவனை நான் எப்படிப் பாக்க முடியும்? ஆம்புலன்ஸ் அங்கதான் நின்னுச்சு, அது வாஸ்தவம். கதவு திறந்துதான் இருந்துச்சு. அவன் கத்துன சத்தம் கேட்டுச்சுன்னு எல்லாரும் சொல்லுதாங்க. எனக்குக் கேக்கல. அவதான் ஓடிப்போய் ஏறுனா. நான் திரும்பிப் பாக்கும்போது கிளம்பிருச்சு. ஒரு நிமிசம்தான் இருக்கும் எல்லாம் சேத்து. ஒரு நிமிசத்தை வச்சு ஒரு மனுசனை எடைபோட்டா எப்படி?

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில இன்னாசிக்கு வலதுகாலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. அதோட நிக்கல, புண்ணுல சீழ் வச்சு மேல ஏறிருச்சு. தொடையில திரும்பவும் வெட்டணும்னாங்க.

அஞ்சாவது நாளு போலீஸ்காரங்க வண்டியைப் பாத்து எழுதிட்டு விட்டுட்டாங்க. நான் அதை விளாத்திகுளத்துல முத்துக்குட்டின்னு ஒரு வெல்டிங்காரன் பட்டறைக்கு இழுத்துட்டுப் போனேன். நல்ல வேலைக்காரன். சேத்து ஒட்ட முடியுமான்னு பாக்கச் சொன்னேன். ஏன் பாக்கக் கூடாது? கால் போனவனுக்கு நாளைக்கு வண்டியும் இல்லைன்னா என்ன செய்வான்? அவனுக்காகத்தான் போனேன்.

முத்துக்குட்டி பின்பக்கச் சேஸைக் கேஸ் வச்சு அறுத்தான். அறுத்த உடனே உள்ள இருந்து தண்ணி கொட்டுச்சு. ஒரு வாளித் தண்ணி. கருப்பா, நாத்தமடிச்சு, உள்ள மீன் செதில் மினுங்குது. அப்புறம் அந்தத் தண்ணியை முறிஞ்ச பக்கம் போக விடாம அடைச்சுக் கிடந்த உப்பு, கட்டி கட்டியா. ஒரு கம்பியை விட்டுச் சுரண்டி எடுத்துத் தரையில குமிச்சான். நாங்க ரெண்டு பேரும் அதைப் பாத்துக்கிட்டே நின்னோம்.

"மேல பாடி போல்ட் வழியா தண்ணி இறங்கியிருக்குண்ணே"ன்னான். "இறங்குன தண்ணி கீழ போறதுக்குத்தான் கம்பெனியில ஓட்டை விட்டுருக்கான். அந்த ஓட்டையைப் பூரா எவனோ பஞ்சு வச்சு அடைச்சிருக்கான். உப்புத் தண்ணி உள்ளயே கிடந்து ஊறியிருக்கு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. எவன்ணே இந்த வேலையைப் பாத்தது?"

"தெரியலப்பா"ன்னேன். "வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சோ என்னமோ."

அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவன் யாரு நமக்கு? எனக்குப் பின்னால ஆள் நிக்கிறது எனக்குத் தெரியாது. பிரகாசி வந்து நிக்கா. எம்புட்டு நேரமா நின்னாளோ தெரியல. நான் போனை எடுக்கலைன்னு தூத்துக்குடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கா. ஆபரேசனுக்கு ரத்தம் வேணுமாம். எனக்கும் இன்னாசிக்கும் ஒரே குரூப்பு.

முத்துக்குட்டியைப் பாத்துச் சொன்னா. சத்தமாக் கூடச் சொல்லல.

"இவுகதான் அடைச்சாக. நான்தான் பஞ்சு திரிச்சுக் குடுத்தேன்."

முத்துக்குட்டி கேஸை அமத்திட்டு உள்ள போயிட்டான். அவ அந்தத் தண்ணியையும் உப்பையும் கொஞ்ச நேரம் பாத்தா. அப்புறம், "டாக்டர் மூணு மணிக்குள்ள வரச் சொன்னாரு"ன்னா. போனேன். போகாம இருப்பேனா? ரெண்டு பாட்டில் எடுக்கச் சொன்னேன், ஒண்ணுதான் எடுப்போம்னாங்க. பஸ்ல எனக்குப் பக்கத்துல இடம் காலியா இருந்துச்சு. அவ நின்னுக்கிட்டே வந்தா. ஒண்ணரை மணி நேரம்.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. பஞ்சு திரிச்சது அவ. அவளே ஒத்துக்கிட்டா. பிறகு என்னை மட்டும் எதுக்குக் குத்தவாளியாக்கணும்? இரும்பு சரியில்ல அண்ணாச்சி. இப்ப வர்ற இரும்பே அப்படித்தான், தகரம். நல்ல இரும்பா இருந்தா தண்ணிக்குப் பயப்படுமா? கப்பலெல்லாம் எத்தனை வருசம் கடல்லயே கிடக்கு?

இன்னாசியை வீட்டுக்குக் கொண்டு வர ரெண்டு மாசம் ஆச்சு. எங்க வீட்டுக்குக் கொண்டு வரல, அவங்க அம்மா வீடு ஒண்ணு கோயிலுக்குப் பின்னால பூட்டிக் கிடந்துச்சு, அதைத் திறந்து அங்க வச்சிக்கிட்டா. அவளும் அங்கயே இருந்துட்டா. சேலை நாலு, ஒரு பாய், ஒரு பானை. வேற ஒண்ணும் எடுக்கல. மணப்பாட்டுக்காரங்க ஃபாதர்கிட்டச் சொல்லி அனுப்பிச்சாங்க, கல்யாணம் வேண்டாம், மன்னிச்சுக்கோங்கன்னு. அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

நான் போய்ப் பாத்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை, பூசை முடிஞ்சு. கட்டில்ல உக்காந்திருந்தான். வேட்டியை ஒரு பக்கம் மடிச்சு அடியில சொருகியிருந்தான். மெலிஞ்சிட்டான். என்னைப் பாத்ததும் எந்திரிக்கப் பாத்தான் அண்ணாச்சி. பழக்கத்துல. அத்தான் வந்தா எந்திரிப்பான் எப்பவும். எந்திரிக்க முடியாம அப்படியே சாஞ்சிட்டான். நான் ஓடிப்போய்ப் பிடிக்கணும்னு தோணுச்சு. வாசப்படியிலயே நின்னுட்டேன்.

"வாங்க அத்தான்"னான். "முதுகு எப்படி இருக்கு?"

இருக்குடேன்னேன். பிரகாசி அடுப்புகிட்ட நின்னா, திரும்பல.

அப்புறம் அவனே சொன்னான். "நீங்க ஒண்ணும் மனசுல வச்சிக்காதீங்க அத்தான். சத்தம் எனக்குத்தானே கேட்டுச்சு. நான்தான் ஓட்டுனேன். ஒரு ஓட்டையைக் குத்திப் பாத்திருக்கலாம், உங்களுக்குத் தெரியாமயாவது. பயந்துக்கிட்டு விட்டுட்டேன். என் தப்புத்தான்."

கேட்டீங்களா? அவன் வாயால சொன்னான். என் தப்புத்தான்னு. அவனே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல முடியும்?

பிரகாசி திரும்புனா. அவ முகத்தை நான் அப்படிப் பாத்ததில்ல. கோவமெல்லாம் இல்ல. என்கிட்ட ஏதோ கேட்டுக் கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.

"ஒரே ஒரு தடவை"ன்னா. "அவன் மூஞ்சியைப் பாத்து, நான்தாம்ல அடைச்சேன், உன் மேல தப்பில்லைன்னு ஒரே ஒரு தடவை சொல்லிருங்க. நான் இன்னைக்கே வீட்டுக்கு வந்துருதேன். வேற ஒண்ணும் கேக்கல."

"அக்கா, விடு"ன்னான் அவன்.

"நீ பேசாம இரு. சொல்லுங்க."

நான் சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன் அண்ணாச்சி. சத்தியமாச் சொல்லுதேன். மாதா மேல ஆணையாச் சொல்லுதேன். வாயைத் திறந்தா என்ன வருது தெரியுமா? "இரும்பு சரியில்ல மாப்ள"ன்னு வருது. "இப்ப வர்ற இரும்பெல்லாம் தகரம்"னு வருது.

அவன் தலையை ஆட்டுனான். "ஆமா அத்தான், தகரம்தான்"னான். என்னைத் தப்பிக்க விடுறதுக்குச் சொன்னான்.

பிரகாசி வாசக்கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் வெளிய வந்த பிறகு மெதுவாத்தான் சாத்துனா. அதுவாவது அறைஞ்சு சாத்தியிருக்கலாம்.

அது ஆகிப் பதினாலு மாசம் முடிஞ்சுபோச்சு. வீட்டைப் பூட்டிட்டு நான் இங்கன வந்துட்டேன். ராத்திரியும் இந்தச் செட்டுலதான் படுக்கை. ஊருக்குப் போகல. போய் என்ன செய்ய? நான் தப்பு செஞ்சிருந்தாத்தானே போய்ச் சொல்ல முடியும்? செய்யாததை எப்படிச் சொல்ல?

சரி, உங்க வேலைக்கு வருவோம். கோட்டிங் அடிக்கும்போது ஓட்டையைப் பூரா விட்டுருவேன். அடிச்சு முடிச்ச பிறகு ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் கம்பியை விட்டு ஆட்டிப் பாத்து, தண்ணி ஊத்தி, கீழ வருதான்னு பாத்துட்டுத்தான் வண்டியை விடுவேன். ஓனர் திட்டுவாரு, ஒரு வண்டிக்கு ரெண்டு மணி நேரம் எடுக்கேன்னு. ஏன் அப்படிச் செய்யுதேன்னு கேக்காதீங்க. பழக்கம். அவ்வளவுதான். நான் அடைச்சதனாலதான் முறிஞ்சுதுன்னு நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல. அது வேற, இது வேற.

என்ன அண்ணாச்சி, முகம் ஒரு மாதிரி ஆகிருச்சு? போன வாரம் ஒருத்தரும் இப்படித்தான், பாதிக் கதையிலயே சாவியை எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு. வாரவங்ககிட்ட வாயைத் திறக்காதேன்னு ஓனர் சத்தம் போட்டாரு. நீங்க அப்படிப் போயிராதீங்க. வேன் இறங்கிருச்சு, சாவியைக் குடுங்க, நான் ஏத்துதேன்.

நாளைக்குக் கருவாடு எங்க ஏத்தப் போறீங்க? வேம்பாரா? அப்ப எங்க ஊரு வழியாத்தான் போகணும்.

ஒரு காரியம் செய்வீங்களா? கடக்கரை ரோட்டுல போனா கோயில் வரும், அதுக்குப் பின்னால மூணாவது வீடு. ஓடு போட்ட வீடு, நீலக் கதவு. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அவன் வாசல்ல உக்காந்து வலைக்கு ஈய மணி கோக்கான்னு ஒருத்தர் சொன்னாரு. அந்த வழியா மெதுவாப் போங்க. நிறுத்த வேண்டாம். வழி கேக்குற மாதிரி வேணும்னா ரெண்டு வார்த்தை பேசுங்க, நல்லாப் பேசுவான். அவ உள்ள இருப்பா, இருமுறாளா என்னன்னு காதுல விழுந்தா அதையும் கவனிச்சுக்கோங்க. திரும்பி வரும்போது ரெண்டு பேரும் எப்படி இருக்காங்கன்னு எனக்குச் சொன்னாப் போதும்.

என் பேரை மட்டும் அங்க சொல்லிராதீங்க.